அடுத்த கன்சோல் வரும்வரை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

இன்று சேஷனிடம் நான் சொன்னவை:
1. அடுத்த தலைமுறை வீடியோ கேம் கன்சோலில் நினைவகம் இரட்டிப்பாகும்.
2. டிஸ்க் போடும் இடம் இருக்காது.
3. இரண்டு வருடத்தில் வந்துவிடும். அதுவரை காத்திருப்பதே நல்லது.

சேஷனும் நானும் ஒரே ஆபீசில் சர்க்யூட் வரைந்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு இந்த ஊகங்கள்தான் எங்கள் சாயங்காலப் பேச்சு. இன்று டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தார். இப்போது கடையில் இருக்கும் கன்சோலையே வாங்கிவிடப்போவதாகச் சொன்னார். நான் சிப், சூடு, மின்சாரச் செலவு என்று வரிசையாக விளக்கித் தடுத்தேன்.

பொறுமையாகக் கேட்டார். "நீர் சொல்றதெல்லாம் செரிதான் ஓய். ரெண்டு வருஷம்ங்கறீரே, அது யாருக்கு?" என்று சிரித்தார். அவர் மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போதும் புரியவில்லை.

"சிப் தட்டுப்பாடு வந்தா மூணு வருஷம்கூட ஆகும்" என்றேன்.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் அவர் கேட்டது உறைத்தது. திரும்பிப் போகத் தைரியம் வரவில்லை. போன் செய்யவும் கை வரவில்லை.

முதல் இரண்டும் சரியாகவே இருக்கலாம். மூன்றாவது தவறு. "இப்பவே வாங்கும் ஓய்" என்று சொல்லியிருக்க வேண்டும்.