குடத்தின் கழுத்தில் ஒட்டிய காந்தம்

அன்புள்ள மாப்ளே ஆறுமுகத்துக்கு,

போன மாதம் டவுனில் ஒரு பாத்திரக்கடையில் இரும்பு அலமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நம்ம மகள் வடிவு கல்யாணத்துக்கு எவர்சில்வர் வாங்கப் போயிருந்தோம். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் உன் கடையில், கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றி நீ கொடுத்தாயே, அந்தக் காந்தம் என் சட்டைப் பையில் இருந்தது. மேல்தட்டு அண்டாவைப் பார்க்க எட்டினேன். டப்பென்று அலமாரி பையோடு பிடித்துக்கொண்டது. இழுத்தால் சட்டை கிழியும், விட்டால் நகர முடியாது. உன் அக்கா என்னை முன்பின் தெரியாதவள் மாதிரி குத்துவிளக்குப் பக்கம் போய்விட்டாள்.

எட்டாம் வகுப்போடு நின்று, அம்பாசமுத்திரத்தில் உரமூட்டை எடை போடுகிறவனுக்கு ஒரு விஞ்ஞானம்தான் தெரியும். காந்தம் ஒட்டினால் மட்டச் சரக்கு, ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர். அதை வைத்துக்கொண்டு நான் செய்த அலம்பல் உனக்குத் தெரியாததா?

முந்தின வருஷப் பொங்கலுக்கு அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டு வந்தாய். மஞ்சள்குலை, பனங்கிழங்கு, வாழைத்தாரோடு ஒரு எவர்சில்வர் குடமும் இருந்தது. வடிவு கல்யாணத்துக்கு இப்பவே வாங்கிட்டேன் என்று சொல்லி, நீயே துண்டால் துடைத்து நடு வீட்டில் வைத்தாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். எனக்குக் கை சும்மா இருக்குமா? காந்தத்தை எடுத்துக் குடத்தின் கழுத்தில் வைத்தேன். பிடித்துக்கொண்டது.

“மாப்ளே, ஒம்ம நல்லா ஏமாத்திட்டானுவ வே.”

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்த மாதிரிதான் இருந்தது. “அத்தான், அடியில வச்சுப் பாருங்க. கழுத்து வளைச்ச எடம், அங்கன கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும்” என்றாய். நான் வைக்கவில்லை. சிரிப்பு கிடைத்த பிறகு சோதனை எதற்கு?

நீ வெறுமனே சொல்லுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் காயிலுக்குள் எதற்கு இத்தனை இரும்புத் தகடு என்று கேட்டதற்கு, பேட்டரியில் வெறும் காயிலை மாட்டி ஆணிக் குவியல் மேல் காட்டினாய். ஒன்றிரண்டு அசைந்தது. உள்ளே ஒரு தேனிரும்புத் துண்டைச் செருகினாய், குவியலே எழுந்து வந்தது. இரும்பு காந்தத்துக்கு இடம் கொடுத்து அதைப் பல மடங்காக்கும், செம்புக்குக் காந்தம் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது என்றாய். எவர்சில்வரிலும் இரும்பு உண்டு, ஆனால் அதன் சேர்மானம் இடம் கொடுக்காது. அடித்து வளைத்த இடத்தில் உள்ளடுக்கு மாறிப்போய்க் கொஞ்சம் இடம் கொடுக்கும் என்றும் அன்றைக்கே சொன்னாய். நான் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன்.

குடம் பரணுக்குப் போனது. தீபாவளிக்கு வந்தபோது ஒரு தடவை பரணை நிமிர்ந்து பார்த்தாய். கார்த்திகையில் உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வடிவு அந்தக் குடம்தான் வேண்டும் என்றாள். வேறு எது வாங்கினாலும் மாமா குடம்தான் வரிசையில் முதலில் இருக்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், நம்ம மானம் போகும் என்று நான் மறுத்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அலமாரியிலிருந்து என்னைப் பிரித்து எடுத்தாரே கடைக்கார அண்ணாச்சி, அவர்தான் கதையை முடித்தார். “காந்தத்த கழுத்துல வைக்காதீரும்வே, அடியில வையும்” என்றார். அப்படியே நீ சொன்னது. ஒரு எவர்சில்வர்த் தகட்டு நறுக்கைக் காந்தத்தில் வைத்தார், ஒட்டவில்லை. அதையே அப்படியும் இப்படியுமாகப் பத்திருபது தடவை வளைத்துவிட்டுக் கிட்டே கொண்டுபோனார். வளைந்த இடம் பையப் பையக் காந்தத்தின் பக்கம் திரும்பியது. உன் அக்கா குத்துவிளக்கை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே பரணில் ஏறிக் குடத்தை இறக்கினாள். வடிவு கவிழ்த்து வைத்து அடியில் காந்தத்தை வைத்தாள். வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. “தம்பி அப்பவே சொன்னான்” என்று உன் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு இப்பத்தான் தெரியுது என்று சொல்லி நானும் ஆச்சரியப்பட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது, மாப்ளே. உன் குடம்தான் வரிசையில் முதலில். யாரும் காந்தம் கொண்டுவரவில்லை. உன் கடையில் இப்போது கேபிள் டிவிக்காரர் இருக்கிறார், டிஷ் ஆன்டெனா உன் போர்டை மறைக்கிறது.

தைக்கு வடிவு வீட்டுக்கு முதல் பொங்கல்படி நான்தான் கொண்டுபோக வேண்டும். அப்போது அந்தக் குடத்தை நடு வீட்டில் வைத்து, எல்லார் முன்னாலும் ஒன்றைச் சொல்லிவிடுவேன். இது சத்தியம். இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பொங்கலன்று உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குடத்தின் அடியில் காந்தத்தை வைத்தேன் மாப்ளே. ஒட்டவில்லை. அதற்குப் பிறகுதான் பரணில் ஏற்றினேன்.

உன் அக்காவைக் கட்டிய
அத்தான்