ஓரகத்திகளுக்கு நடுவே ஒரு பந்து

ஜூன் 3, செவ்வாய்

நேற்று ஆறு கோல் வாங்கினோம். நாங்கள் போட்டது ஒன்றுமில்லை. மருத்துவமனைச் செயலாளர் இன்று என் பிசியோதெரபி அறைக்கே வந்துவிட்டார். "அடுத்த மேட்சும் இப்படின்னா லேடீஸ் டீமைக் கலைச்சிட்டு, கிரவுண்டை ஆம்பளைங்களுக்கே குடுத்துடலாம்மா" என்றார். முழங்கால் போன பிறகு எனக்கு மிஞ்சிய கால்பந்து, நான் பயிற்சி கொடுக்கும் இந்த அணி ஒன்றுதான். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூன் 5

எல்லோரும் பந்தின் பின்னால் கூட்டமாக ஓடுவதை நிறுத்தியாகிவிட்டது. நான்கு நான்கு பேராகப் பிரித்துச் சின்னச் சதுரங்களில் நிறுத்தினேன். மூன்று பேர் பந்தைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், நடுவில் நிற்பவள் பறிக்க வேண்டும். பந்தைக் கொடுத்தவள் அங்கேயே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. திரும்ப வாங்கத் தோதான இடத்துக்கு நகர வேண்டும்.

ஒரு சதுரம் மட்டும் உருப்படவில்லை. சலவைப் பிரிவில் இருப்பவளும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவளும் ஒரே வீட்டு மருமகள்கள். மாடி அறை யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை, இரண்டு வருடமாகப் பேச்சில்லை. சின்னவள் ஆளில்லாத இடத்தில் அழகாக நிற்கிறாள், ஆனால் பந்தைக் கேட்க மாட்டாள். பெரியவளோ நடுவில் இருப்பவளின் காலிலேயே கொண்டுபோய் வைக்கிறாள்!

வேறு வேறு சதுரத்தில் போடலாம்தான். ஆனால் மேட்சில் இருவரும் நடுக்களம். அங்கே எங்கே போய்ப் பிரிப்பது?

ஜூன் 6

மழை. பயிற்சி இல்லை.

ஜூன் 9

கத்திவிட்டேன். "வீட்டுச் சண்டையை வாசல்லயே விட்டுட்டு வாங்கடி!" எல்லோர் முன்னாலும். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். ச்சே — எனக்கென்ன வந்தது? அந்த வீட்ல நானா இருக்கேன்? அவங்க படுற பாடு எனக்கென்ன தெரியும்? நாளைக்கு வருவாளா?

ஜூன் 10

வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள், ஷூ கயிற்றைப் பார்த்தபடி.

ஜூன் 12

காலையில் தட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "ரெண்டும் பேசிக்கவே மாட்டேங்குது. நான் என்னதான் பண்றது?"

"பேசாம சாப்பிடு, ஆறிடப்போகுது" என்றார்.

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. பேசாம!

மாலையில் சட்டம் போட்டேன்: யாரும் வாய் திறக்கக் கூடாது, கையும் காட்டக் கூடாது. நிமிர்ந்து பார், கொடு, நகர். மற்ற சதுரங்களில் ஒரே குளறுபடி. கூவிக் கூவியே பந்து வாங்கிப் பழகியவர்கள் ஆயிற்றே! ஓரகத்திகளின் சதுரத்தில்தான் பந்து தறி நாடா மாதிரி போய் வந்தது. சின்னவள் தோளைத் திருப்பும்போதே பெரியவளின் பாஸ் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எங்களிலேயே வேகமானவள். அவளே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படிடி இது?" என்றேன்.

"ஒரே சமையலறைக்கா. அவ எப்ப அடுப்புக்கு வருவா, எப்ப குழாய்க்குத் திரும்புவான்னு பாத்துப் பாத்துதானே ஒதுங்கிக்கிறேன். இடிச்சுக்கிட்டா பேச வேண்டியதாயிடுமே!"

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள்.

ஜூன் 17

செயலாளர் சுவரோரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார். நல்லதா, கெட்டதா?

ஜூன் 22, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. அதே அணியோடு!

நாங்கள் கோல் போடும்வரை ஒருத்திகூடப் பந்தைத் தூக்கி அடிக்கவில்லை. ஓரகத்திகள் குட்டிக் குட்டி பாஸாகவே நடுக்களத்தைக் கடந்தார்கள், ஆம்புலன்ஸ்காரி முடித்துவைத்தாள். அப்புறம் கடைசி நேரத்தில் சின்னவள் பந்தோடு திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரி பாய்ந்து வந்தாள். சின்னவள் அவளைப் பார்க்கவில்லை.

"பின்னாடி ஆளு! எங்கிட்ட குடுடி!"

பெரியவளின் குரல். சின்னவள் ஒரு நொடி திகைத்துத்தான் போனாள். ஆனாலும் கொடுத்துவிட்டாள்.

மேட்ச் முடிந்ததும் செயலாளர், "அடுத்த மாசம் எந்தத் தேதிம்மா மேட்ச்?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வேனில் பின் சீட்டில் ஓரகத்திகளின் ரகளை.

"அவ வந்து இடிக்கப் போறப்பவா சொல்றது? முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மட்டும் உடனே குடுத்துட்டியாக்கும்! சிலை மாதிரி நின்ன!"

"நீங்க கத்தினதுல பயந்துட்டேன்க்கா!"

வழி முழுக்க ஓயவில்லை. காற்று இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையே என்று நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.