கருணை மதிப்பெண்

ஜனவரி 12

செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கமாட்டேன். கேட்டால் ‘ஆமாம்’ என்று எழுதுவாய், அதை நம்ப நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? போனில் பேசலாம் என்றால் என் காது ஒத்துழைப்பதில்லை. போன தடவை நீ கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மாள், “மகளோட சண்டையா டீச்சர்?” என்று விசாரிக்கவே வந்துவிட்டாள். நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

காதும் காதும் வைத்த மாதிரி ஒரு காரியம் செய்திருக்கிறேன். நீ குதிக்கக் கூடாது. உங்கள் மூட்டுவலி மருந்து ஆராய்ச்சிக்கு இங்கே உள்ள ஆஸ்பத்திரியிலும் ஆள் எடுத்தார்கள். வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது, அடியில் நீ வேலை பார்க்கும் நிலையத்தின் பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். “ஆராய்ச்சிக் குழுவுல உறவுக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?” என்று நர்ஸ் பொண்ணு கேட்டாள். “எனக்கு யாரும்மா இருக்கா?” என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். உங்களுக்கெல்லாம் நான் வெறும் எண்தானாமே! நீ கண்டுபிடித்திருக்கவே முடியாது.

வாராவாரம் அவள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “வலிக்கு எத்தனை மார்க் போடுவீங்க டீச்சர்?” என்பாள். வலி இல்லாவிட்டால் பூஜ்யம், உயிர் போனால் பத்து. பூஜ்யம் வாங்கியவன் முதல் மாணவனாக வருவதை என் வாழ்நாளில் இங்கேதான் பார்க்கிறேன். முப்பத்துநாலு வாங்கியவனுக்கு ஒன்று கூட்டிப் பாஸ் போட்டு அனுப்பிய கை இது. பெற்ற பெண்ணின் மருந்தையா ஃபெயிலாக்கும்? உன் மருந்து ஜம்மென்று பாஸ் ஆகிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

கோடி முத்தங்களுடன்,
அம்மா

ஜனவரி 20

அம்மா,

உன் கடிதத்தைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன்.

என் வேலை மருந்து நல்லது என்று காட்டுவது இல்லை. நல்லதா இல்லையா என்று கண்டுபிடிப்பது. போன மருந்தில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே. அவசரப்பட்டு நல்லது என்று சொன்னார்கள், ஊரெல்லாம் வாங்கிச் சாப்பிட்டது, அப்புறம் ஒன்றுமில்லை என்று ஆனது. அந்த மாதிரி மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் என்னை இந்தக் குழுவில் போட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று உனக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை கட்டுக்காவல் போட்டுவிட்டு, பாசத்துக்குக் கதவு போட மறந்திருக்கிறோம்.

நான் இதைத் தலைமை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். உன்னை நீக்கிவிடுவார்கள். கோபித்துக்கொள்ளாதே.

ஒன்றே ஒன்று சொல். உண்மையில் எத்தனை மார்க்?

உன் மகள்

பிப்ரவரி 3

மகளுக்கு,

நர்ஸ் பொண்ணு வந்து மாத்திரைப் புட்டியை வாங்கிப் போய்விட்டாள். வாசலில் நின்றபடியே வாங்கினாள், உள்ளே வரவில்லை. “ஏன் டீச்சர் என்கிட்ட பொய் சொன்னீங்க?” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. காப்பியடித்த பிள்ளைகளைத் தேர்வுக்கூடத்திலிருந்து நானே எழுப்பி அனுப்பியிருக்கிறேன். அதுகளுக்கு முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. வேறு யாராவது காட்டிக் கொடுத்திருந்தால் பரவாயில்லை.

உண்மை மார்க் கேட்டாய். எட்டு. சில வாரம் ஒன்பது. எழுதச் சொன்னது மூன்று.

சேரும்போதே என் பழைய வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். தாங்கவே முடியாவிட்டால் போட்டுக்கொள்ள வேறு ஒரு மாத்திரை அட்டை தந்தார்கள். எத்தனை போட்டுக்கொண்டோம் என்பதையும் கணக்கில் சேர்ப்பார்களாம். அதனால் அதை முழுசாக அப்படியே திருப்பிக் கொடுத்தேன். “ஒண்ணுகூடப் போடலியா! மருந்து அவ்வளவு நல்லா கேக்குதா டீச்சர்?” என்று அவள் பூரித்துப் போனாள். மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறேன். அது யாருக்குத் தெரியப்போகிறது? நாளைக்கு உன் பெயர் பத்திரிகையில் வரும்போது நானும் அதில் ஒரு பங்கு வலி தாங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான் என் ஆசை.

வாரத்தில் ஒரு நாள் ஒருத்தி வந்து “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டு, பதில் சொல்லும்வரை காத்திருந்தாள். அதையும் கெடுத்துக்கொண்டேன்.

அம்மா

மார்ச் 9

அம்மாவுக்கு,

எழுத இத்தனை நாளானதற்கு மன்னித்துக்கொள். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். தலைமை டாக்டர் கூட, “அம்மாகிட்ட இதைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லியே” என்றார். நீ உண்மை சொன்னாய், நானும் சொல்கிறேன்.

உன்னை நீக்கியதால் உன் எண்ணுக்கு எது போனது என்று பிரித்துப் பார்த்தார்கள். உனக்குக் கிடைத்தது மாவு மாத்திரை.

அம்மா, நீ இத்தனை மாதம் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது ஒன்றுமே இல்லாத மாத்திரைக்காக. நீ கூட்டிப் போட்ட மார்க்கும் என் மருந்துக்குப் போகவில்லை, மாவுக்குப் போனது. மாவு சாப்பிட்டவர்களே இவ்வளவு சுகமாக இருந்தால் மருந்து என்னத்துக்கு என்றுதானே கேட்பார்கள்? ஏன் கிட்டத்தட்ட எல்லோருக்குமே வலி குறைகிறது என்று நாங்கள் ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அதற்கு நீ மட்டும் காரணம் இல்லை. மற்றவர்களிடம் விசாரித்தோம். நர்ஸ் முகம் வாடக்கூடாது என்று குறைத்துச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். யாரும் கெட்டவர்கள் இல்லை.

முறையை மாற்றிவிட்டோம். இனிமேல் மாத்திரை தருபவர் ஒருவர், கேள்வி கேட்பவர் வேறொருவர். நோயாளி முகத்தையே பார்த்திராத ஆள், போனில் கேட்பார். மார்க் கேட்பதற்கு முன்னால், “இந்த வாரம் என்னென்ன செய்ய முடியலை?” என்று கேட்பார். எங்கள் ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்குகிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை.

இத்தனை வருஷமாக ‘நான் சுகம்’ என்று நீ எழுதிய கடிதங்களையெல்லாம் நேற்று எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதை நம்புவது என்று தெரியவில்லை அம்மா. உலகத்தில் யார் யாருக்கோ வலிக்கிறதா என்று கேட்கத் தெரிந்த எனக்கு உன்னைக் கேட்கத் தோன்றவில்லையே.

பழைய மாத்திரையை உடனே ஆரம்பி. லீவு கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் உன்னால் என்னென்ன செய்ய முடியவில்லை? மறைக்காமல் எழுது. நீ ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதினால் கிளம்பி வருகிறேன்.

உன் குட்டி

மார்ச் 17

செல்லக் குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. மாவு என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கு உபகாரம் செய்வதாக நினைத்து உன் பிழைப்பிலேயே மண்ணைப் போட இருந்தேனே! நீ என்னை நீக்கியது சரி. அன்றைக்குக் கோபமாக எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

பழைய மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் விரல்களைப் பார்த்துவிட்டு, “முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?” என்றார். கோணியது இனி நிமிராதாம்.

உன் கேள்வி நல்ல கேள்வி. யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முகம் பார்த்திராத ஆள்தான் கேட்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள், அதுதான் சரி. நீ கேட்டால் எனக்கு ‘நான் சுகம்’ என்றுதான் எழுத வரும். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதே. மெய் என்றும் எடுத்துக்கொள்ளாதே.

லீவை ரத்து செய்துவிடு. புது ஆராய்ச்சியை நீதான் நின்று பார்க்க வேண்டும். இந்தத் தடவை மருந்து ஃபெயிலானால் ஃபெயில் என்றே எழுது, அதற்காக அழாதே.

நீ வர வேண்டாம், கண்ணு. வந்தால் உன் எதிரில் நான் நன்றாக நடந்து காட்ட வேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

அம்மா