வால் போகும் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நலம் என்று எழுதுகிறேனே தவிர, மேகம் கட்டினால் போதும், அவளுக்கு இடது கால் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. மாடிப்படி ஏற இன்னும் கைப்பிடிதான் துணை.

நேற்று சித்தப்பா வந்திருந்தார். உன் வீட்டு வாசலில் சிவப்பாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறதாமே? யாருடையது என்று கேட்டதற்கு, "என்னோடதுதான் சித்தப்பா, ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றாயாம். மனிதர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆறு வருஷத்துக்கு முன் மழையில், ஒரு வளைவில், நீ பதறிப்போய் பிரேக்கை மிதித்தாய். வண்டி சுழன்று பாலத்துச் சுவரில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. அதற்காக உன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னேனா? இனி ஸ்டியரிங்கைத் தொடாதே என்றேன், நீயும் சரி என்றாய். அவ்வளவுதான். முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் சொல்கிறேன், சில பேருக்குக் கார் ஒத்துவராது. அதில் அவமானம் எதுவும் இல்லை.

வண்டியை விற்றுவிடு. யாரிடமாவது சொல்லி நல்ல ஆளாகப் பார்த்துத் தருகிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் பாதியில் வைத்துவிடுவேன். நமக்கு எழுத்துதான் சரி.

வண்டியை விற்கப்போவதில்லை. முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், மரியாதைக்காக இரண்டு வரி தள்ளிப்போட்டேன்.

பல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகச் செயற்கைப் பல் செய்கிறேன். ஒரு முடி கனம் உயர்ந்துவிட்டால் கடிக்கும்போது ஆளுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு நுணுக்கமாக இழைக்கிற கைக்கு ஸ்டியரிங் மட்டும் ஒத்துவராது என்று ஆறு வருஷம் நம்பியிருந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன். போன ஜனவரியில் ஒருநாள் அது அலுத்துவிட்டது. வண்டியை வாங்கி இரண்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பெரிய காலி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் ஓடும். யார் வேகமாக முடிக்கிறார்கள் என்று கடிகாரம் பார்க்கும். கூம்பைத் தட்டினால் கூடுதலாக இரண்டு செகண்டு. மோதிக்கொள்ள எதிரே வண்டியும் கிடையாது, சுவரும் கிடையாது. என் வண்டியில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. கடையில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுபோகிறேன்.

ஜெயிக்கப் போகவில்லை, பயப்படாதீர்கள். என் கையில் என்னதான் கோளாறு என்று பார்த்துவிட்டு வரப்போகிறேன்.

அண்ணியை நான் விசாரித்தால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். பெரிய கடிதம், உட்கார்ந்து படியுங்கள்.

காலை ஏழு மணிக்கே மைதானத்தில் நின்றோம். என்னை இதில் இழுத்துவிட்டவள் எங்கள் கூடத்துக்குப் பல் அச்சுகளைக் கொண்டுவரும் டெலிவரிப் பெண். ஒவ்வொரு தடவையும் கடைசிக் கூம்பைத் தட்டிவிடுவதால் அங்கே அவளுக்கு 'ரெண்டு செகண்டு' என்று பெயர். முதல் வேலையாக என் வண்டியிலிருந்த சாமானையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னாள். குடை, தண்ணீர் பாட்டில், கால் மிதியடி என்று உருளக்கூடிய எதுவுமே உள்ளே இருக்கக்கூடாதாம். எல்லாவற்றையும் பரப்பி நடுவில் மடக்கு நாற்காலியைப் போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். இரண்டு பேர் வந்து குடை என்ன விலை என்று கேட்டார்கள்.

அடுத்து வண்டிச் சோதனை. தலை நரைத்த ஒரு மெக்கானிக் ஒவ்வொரு டயராகக் குனிந்து, சின்ன அளவுகோல் வைத்துப் பார்த்தார். எனக்கு முன்னால் நின்ற வண்டி என்னுடையதைப்போல நாலு மடங்கு விலை இருக்கும். அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவன் சண்டைக்கு வந்தான்.

"இருபது வருஷமா ஓட்டுறேன் சார், எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும்பா, டயருக்குத் தெரியாதே. மொட்டையா இருக்கு. மேல மழை வேற நிக்குது. தண்ணியில இந்த டயரைப் போட்டுட்டுக் கடவுளே வந்து ஸ்டியரிங் புடிச்சாலும் வண்டி திரும்பாது."

அப்போது அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் டயரைத் தட்டிக்கொடுத்து, "நல்லா இருக்கும்மா, போங்க" என்றார். கதவில் ஒரு எண்ணை ஒட்டினார்கள். இரவல் ஹெல்மெட் காது வரைக்கும் இறங்கியது.

முதல் ஓட்டம் கேவலம். கூம்புக் காட்டில் வழி தவறி, வெளியேறும் வாசலைத் தேடிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவள் மாதிரி சுற்றினேன். இரண்டாவதில் வழி தெரிந்தது, ஆனால் மூன்று கூம்புகளைச் சாய்த்தேன். ஒன்று வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கடைசி வரை கூடவே வந்தது.

மூன்றாவதற்கு வரிசையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இவர் குடையோடு ஓடி வந்தார். "போதும்மா, வீட்டுக்குப் போயிடலாம்." ஆறு வருஷமாக மழை நாளில் நான் பஸ்ஸில்கூட ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை என்று இவருக்குத் தெரியும். எனக்கு என்ன வந்ததோ, "நீங்க போய் நாற்காலியில உக்காருங்க" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

கடைசி வளைவில் வண்டியின் பின்பக்கம் விலகியது. அதே மாதிரி, அண்ணா. இடுப்புக்குக் கீழே இருக்கை நழுவுகிற அதே உணர்வு. நான் எதையும் யோசிக்கவில்லை. கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. கை தானாக, பின்பக்கம் போன அதே பக்கம் திருப்பியது. வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி நேரானது. ஒரு கூம்புகூட விழவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். எனக்கு இருபது வயது, செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளி. "வால் எந்தப் பக்கம் போகுதோ, ஸ்டியரிங்கும் அந்தப் பக்கம். பிரேக்கை மறந்துடு." நூறு தடவை செய்ய வைத்தீர்கள்.

நாலாவது ஓட்டமும் சுத்தமாக முடிந்தது. எங்கள் பிரிவில் கடைசிக்கு முந்தின இடம். கைதட்டினார்கள். அதன்பின் எல்லாரையும் போல நானும் மழையில் நின்று மற்றவர்கள் சாய்த்த கூம்புகளை நிமிர்த்தி வைத்தேன்.

அப்படி நிற்கும்போதுதான் அந்த மெக்கானிக் சொன்னது திரும்ப வந்தது. விபத்து நடந்த அன்றைக்கு நான் ஓட்டியது உங்கள் ஸ்கூல் வண்டி. உங்களுக்கு வகுப்பு இருந்தது, அண்ணியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லிச் சாவியைக் கொடுத்தீர்கள். மோதின மூன்றாம் நாளே அந்த வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஏன் அவ்வளவு அவசரம் என்று நான் கேட்டதே இல்லை.

இப்போது கேட்கிறேன். அந்த வண்டிக்கு டயர் எப்படி இருந்தது?

தங்கை


மார்ச் 26

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. மழையில் இப்படியெல்லாம் விளையாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையாவது தடுத்திருக்க வேண்டும்.

பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? உன் மனம் புண்படக்கூடாது என்று நான் எத்தனையோ விஷயங்களைப் பேசாமல் விட்டிருக்கிறேன். நீயும் விட்டுவிடு. காலி மைதானத்தில் கூம்புக்கு நடுவே ஓட்டுவதும் சாலையில் ஓட்டுவதும் ஒன்றாகாது.

உன் அண்ணிக்கு இந்த வாரம் வலி அதிகம். மற்றவை நேரில்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

டயர் எப்படி இருந்தது என்று கேட்டேன். என் மனம், மாப்பிள்ளை, மைதானம், அண்ணியின் வலி எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். டயரைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் ஆறு வருஷம் உங்கள் வீட்டு வாசல்வரை வந்து, கொண்டுவந்த பழத்தை வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவள். அண்ணி உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். பார்க்காதது நியாயம் என்றே நினைத்தேன். கல்யாணம் காட்சி என்று போனால் "இவதான் அந்த வண்டியை..." என்று யாராவது யாரிடமாவது சொல்வது காதில் விழும். தலையைக் குனிந்துகொள்வேன்.

இனிக் குனிய மாட்டேன். ஏப்ரல் போட்டிக்கும் போகிறேன், மே போட்டிக்கும் போகிறேன். நீங்கள் பதில் எழுதினாலும் போவேன், எழுதாவிட்டாலும் போவேன். ஆனால் பதில் எழுதாவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

தங்கை


ஏப்ரல் 29

அன்புள்ள தங்கச்சி,

நாலு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன்.

டயர் மொட்டைதான். நான்கும். மாற்ற வேண்டிய நாள் தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்புகிற வண்டிக்குப் புதுசு போட்டுவிட்டு, இதற்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்றைக்குக் காலையில் மேகம் இருட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாவியை உன்னிடம் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "பதறிப்போய் பிரேக் போட்டுட்டா" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று திட்டம் எதுவும் போடவில்லை, வாயில் வந்துவிட்டது. நீ மறுத்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். நீ தலையை ஆட்டினாய். நெற்றியில் கட்டோடு, கால் எங்கே இருந்தது என்று உனக்கே ஞாபகமில்லாமல், நான் சொன்னதற்குத் தலையை ஆட்டினாய். அதற்குமேல் அதைத் திருப்பி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுகிறவன் நான்.

போன வாரம் உன் அண்ணியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்றேன். மடித்ததையெல்லாம் அலமாரியில் வைத்துவிட்டு, தன் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். சமைக்கிறாள், எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்கூலை இப்போது மகன் நடத்துகிறான். வெளியே தெரிந்தால் அவன் பிழைப்பு போய்விடும். இது நம் மூன்று பேரோடு இருக்கட்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

அண்ணன்


மே 18

அண்ணாவுக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள். சித்தப்பாவிடம், பெரிய அத்தையிடம், அன்று வராந்தாவில் நின்ற அத்தனை பேரிடமும் எந்த வாயால் பிரேக் என்று சொன்னீர்களோ அதே வாயால் டயர் என்று சொல்லுங்கள். மகனின் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அவனிடமும் சொல்லுங்கள், அவன் வண்டிகளில் எத்தனைக்கு டயர் மாற்ற வேண்டியிருக்கிறதோ தெரியாது. அதுவரை உங்கள் வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன். இதில் கோபம் எதுவும் இல்லை. ஆறு வருஷம் உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. தெரிந்தபின் ஒருநாள்கூட முடியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணி எங்கே போனார் என்று நீங்கள் தேடியிருப்பீர்கள். என்னிடம்தான் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு பஸ் மாறி, கைத்தடியோடு மைதானத்துக்கே வந்து நின்றார். இவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அண்ணி உட்கார்ந்து என் முதல் மூன்று ஓட்டங்களையும் பார்த்தார். கடைசி ஓட்டத்துக்கு முன் எழுந்து வந்து, "பக்கத்துல ஆளை உக்கார வைக்கலாமா?" என்று கேட்டார். 'ரெண்டு செகண்டு'தான் ஓடிப்போய் அனுமதி வாங்கி, ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

முந்தின நாள் பெய்த மழையில் மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் நின்றிருந்தது. மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். "எனக்காகக் குறைக்காத" என்றார். குறைக்கவில்லை. அந்த மூலையில் வால் விலகியது. திருப்பினேன், நேரானது, முடித்தோம்.

வண்டியை நிறுத்தியதும் அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் நீ இப்படித்தான் திருப்பின" என்றார். "நான் பாத்தேன். உன் கால் பிரேக்குல இல்ல. பத்து நாள் கழிச்சுக் கண்ணு முழிச்சப்ப நீங்க எல்லாரும் பிரேக்குன்னு சொன்னீங்க, நீயே சொன்ன. எனக்குத்தான் தப்பா ஞாபகம்னு நெனச்சுட்டேன்."

அண்ணா, நீங்கள் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும்தான் கேட்டிருக்கலாம்.

அண்ணி இன்று இங்கேதான் இருக்கிறார். எப்போது வருவார் என்று என்னைக் கேட்காதீர்கள், அவரைக் கேளுங்கள்.

தங்கை