நாலு ஜிபி போதும்

அக்கா,

இதை உன் வீட்டுக்காரரிடம்கூடக் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. போனை அம்மா பிடுங்கி வைத்திருக்கிறாள், எழுத வேறு ஆளும் இல்லை.

நீ வேண்டாம் என்று உதறிவிட்டுப் போனாயே, பள்ளிப்பட்டு மாமா மகன், அந்தப் பாவா எனக்கு லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்று இன்று என்னையும் அம்மாவையும் திருத்தணி கடைக்குக் கூட்டிப்போனார். கம்ப்யூட்டர் படிப்புக்கு எட்டு ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் வேண்டும் என்று மிஸ் எழுதித் தந்த சீட்டை நீட்டினேன். பாவா அதைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர், "என்ன யூஸுக்கு சார்?" என்றார்.

"தினசரி வேலைதான். தறிக்கு பில்லு போடணும், நூலு கணக்கு எழுதணும். நாலு ஜிபி போதும்."

"காலேஜுக்குன்னா பத்தாதுங்க," என்றார் கடைக்காரர், என்னைப் பார்த்து.

"வூட்ல குந்திகினு பில்லு போட எதுக்கு காலேஜு?" என்று பாவா சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

அம்மாவும் நைனாவும் எனக்கும் அவருக்கும் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எனக்குப் பதினேழு வயது. அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். நீ தப்பித்துப் போய் என்னை இங்கே விட்டதையும்தான்.

பாவா கொடுத்ததைப் பெண் தன் கையால் பிரித்தால் சம்மதம் என்று அர்த்தமாம். வாங்கி வந்த லேப்டாப் பெட்டியை நான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றுகிறார்கள். அதற்குள் வா. உனக்காகப் போட்ட சண்டையை எனக்காகவும் ஒருமுறை போடு.

நைனா கதவைத் தட்டுகிறார். "இன்னும் பிரிக்கலியா? கத்திரிக்கோலு எத்துகினு வந்துக்கிறேன், கதவ தொற" என்கிறார்.