நாலாம் நம்பர் சிஸ்டம்

செப்டம்பர் 2, 2024, திங்கள்

துறை லேபில் பன்னிரண்டு சிஸ்டம். வரைபடம் போடும் மென்பொருள் நாலாம் நம்பரில் மட்டும்தான். ஆய்வு மாணவர்கள் ஏழு பேரும் முறை வைத்து அதில் உட்காருகிறோம்.

இன்று திறந்தால் என் ஃபோல்டர் இல்லை. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் எட்டு மாதம் அளந்த உப்பளவை வைத்துப் போட்ட முப்பத்தொரு வரைபடங்கள். எங்கும் வேறு பிரதி இல்லை. ரிஜிஸ்டரில் வெள்ளிக்கிழமை எனக்குப் பிறகு ஒரே ஒரு பெயர்: முருகேஸ்வரி.

செப்டம்பர் 3

முருகேஸ்வரி எனக்கு ஒரு வருடம் இளையவள். கொற்கைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஆராய்கிறாள். எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"நான் தொடவே இல்லக்கா. சத்தியமா."

துறைத் தலைவர் மேடத்திடம் போனேன். டிஸ்கில் இடம் போதாமல் அவள்தான் அழித்திருப்பாள் என்றேன். இரண்டு வாரம் அவள் லேபுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு 20-ம் தேதி கடைசி நாள். வரைபடங்கள் இல்லாமல் அவளால் அனுப்ப முடியாது. வெளியே வந்த பிறகுதான் அது தோன்றியது. முன்பே தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 6

முதலிலிருந்து போடுகிறேன். ஒன்பது முடிந்தது.

செப்டம்பர் 12

பிரிண்டர் ஆறாம் நம்பரோடுதான் இணைந்திருக்கிறது. பிரிண்ட் எடுக்கப் போனேன். அங்கே என் பெயரில், 'கிளாடிஸ்' என்று ஒரு ஃபோல்டர். முப்பத்தொன்றும் இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை பிரிண்ட் எடுக்க நான்தான் நாலாம் நம்பரிலிருந்து பென்டிரைவில் கொண்டுபோனேன். காப்பி செய்யவில்லை, கட் செய்திருக்கிறேன். ஆறாம் நம்பரில் இறக்கும்போதும் அப்படியே. கரண்ட் போனது, எழுந்து போய்விட்டேன்.

எப்படி மறந்தேன்? ரிஜிஸ்டரைப் பார்த்த எனக்கு மற்ற சிஸ்டங்களைப் பார்க்க ஏன் தோன்றவில்லை? என்ன காரியம் பண்ணிட்டேன் — அந்தப் பிள்ளையப் போயி —

செப்டம்பர் 13

மேடத்திடம் சொன்னேன். "இன்னும் நாலு நாள்ல தானா முடிஞ்சிரும், கிளாடிஸ். இப்பப் போய்க் கிளறாதே."

வெளியே வரும்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

சாயர்புரத்துக்குப் பஸ் ஏறினேன். அவள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் இரும்புக்கடை. ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் உள்ளே பார்த்து, "ஏளா, ஒன்னத் தேடி காலேஜ்லருந்து வந்திருக்காவ" என்றார்.

அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் தராசுத் தட்டை அப்படியே விட்டுவிட்டார்.

"பத்து நாளா எம் மவ சரியாச் சாப்பிடல, தாயி."

முருகேஸ்வரி அழவில்லை. திட்டவும் இல்லை. உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து வந்தாள்.

"இப்பச் சொன்னத எழுதிக் குடுங்கக்கா."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதியும் போடச் சொன்னாள்.

செப்டம்பர் 16, திங்கள்

அதை லேப் கதவில் ஒட்டியிருக்கிறாள். நாலைந்து பேர் வாசித்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள்.

தடை முடிய இன்னும் ஒரு நாள் இருக்கிறது. ஆனாலும் உள்ளே நாலாம் நம்பரில் அவள் இருந்தாள். மேடம் வந்தார், கதவில் இருந்ததை முழுக்கப் படித்தார், அவளை ஒன்றும் கேட்காமல் போனார்.

இந்த வாரத்து என் முறைகளை எல்லாம் ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு மாற்றி எழுதினேன். பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

முருகேஸ்வரி 19-ம் தேதியே அனுப்பிவிட்டாளாம். அவள் என்னிடம் சொல்லவில்லை. லேப் உதவியாளர் விஜயராஜ் அண்ணன்தான் சொன்னார். நான் மறுநாள் சாயங்காலம் அனுப்பினேன்.

"அந்தப் பேப்பரக் கிழிச்சிரட்டுமா? வாரவ போறவ எல்லாம் நின்னு படிக்காவ" என்று கேட்டார்.

"இருக்கட்டும்ண்ணே" என்றேன்.