சுவருக்குள் நூறு வாட்ஸ்

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். காலை எட்டுக்கே சட்டை நனைந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஃபேன் இரண்டு மாட்டினேன். பிறகு அக்கா போன்.

"ஏலே மாரி, கோமதி ரூம்ல ஏசி போட்டா லைட்டு கண்ணடிக்குல. வந்து பாத்துட்டுப் போ."

கோமதி அக்கா மகள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள். ஏசி, மருமகன் போன வாரம் வாங்கி மாட்டியது. பச்சை உடம்புக்கு ஆகாது என்று அக்கா கத்தியும் யாரும் கேட்கவில்லை.

மாலை போய் மீட்டர் வைத்தேன். ஏசி ஓடும்போது:
மெயின் போர்டு 228 வோல்ட்
ரூம் பிளக் 213
கரண்ட் 8 ஆம்பியர்

பதினைந்து வோல்ட் வழியிலேயே காணோம். கம்பி நீளத்துக்கு இரண்டு போகலாம். மீதி 13?

அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த வீட்டு வயரிங் என் வேலை. ஹாலில் பிள்ளை பார்க்க வந்தவர்கள் நாலைந்து பேர். அவர்களிடம் அத்தான்: "எம் மாப்ள போட்ட வயரிங். பத்து வருசத்துக்குக் கை வைக்க வேண்டாம்."

"லைன்ல வோல்டேஜ் கம்மி அத்தான். ரெண்டு நாளைக்கு ஏசி போடாண்டாம்" என்றேன். பொய். டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மே 7, புதன்

வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்காரி செல்வி, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றேன். இவளிடமும் பொய்.

கணக்கு:
13 ÷ 8 = சுமார் 1.6 ஓம். ஒரு ஜாயின்ட்டில் இருக்கவே கூடாத ரெசிஸ்டன்ஸ்.
13 × 8 = 104 வாட்ஸ்.

பழைய நூறு வாட்ஸ் குண்டு பல்பு எரியும்போது தொட்டிருக்கிறேன். ஒரு நொடி விரல் வைக்க முடியாது. அந்தச் சூடு சுவருக்குள், பிளாஸ்டிக் பைப்புக்குள், அடைபட்டுக் கிடக்கிறது. கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி.யும் விழாது. அதற்கு எட்டு ஆம்பியர் சாதாரணம்.

இவ்வளவு நாள் ஏன் தெரியவில்லை? ஃபேனும் லைட்டும் சேர்ந்து அரை ஆம்பியர். 0.5 × 0.5 × 1.6 = 0.4 வாட்ஸ். எறும்புக்குக்கூடச் சுடாது. கரண்ட் பதினாறு மடங்கானால் சூடு இருநூற்றைம்பது மடங்குக்கு மேல். ஐ.டி.ஐ.யில் படித்ததுதான்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். போன வருஷம் தை முகூர்த்தம். ஒரே நாளில் மூன்று வீட்டுக்குப் பால்காய்ப்பு, மூன்றும் என் கையில். விடிந்தால் பால் பொங்க வேண்டும். வெள்ளையடிக்கிறவர் வாசலில் நிற்கிறார். கோமதி ரூமுக்கு வயர் நாலடி குறைந்தது. புதுச் சுருள் வாங்கி முழுசாக இழுக்க நேரமில்லை. மீதத் துண்டை முறுக்கி, டேப் சுற்றி, பைப்புக்குள் தள்ளி, மேலே பூசிவிட்டேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எந்த இடம் என்று குறித்துக்கூட வைக்கவில்லை.

மூன்று மணி. அக்கா நம்பர். மணி நிற்கப் போகையில் எடுத்தேன்.

"பிள்ள வேர்க்குருவுல அழுதான்னு ஏசி போட்டுட்டோம்ல. ஒண்ணும் செய்யாதுல்லா?"

"நிறுத்துக்கா! இப்பமே நிறுத்து!"

"ஏம்ல இப்படிப் பதறுத?"

நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தாலும் தீயணைப்பு வண்டியோ என்று இருக்கிறது.

மே 8, வியாழன்

ஏழுக்கே உளி, சுத்தியலோடு அக்கா வீடு. கோமதியையும் பிள்ளையையும் ஹாலுக்கு அனுப்பினேன். ஏசியை அரைமணி ஓடவிட்டு, சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு இடப்பக்கம், முழங்கால் உயரத்தில், சூடு.

அதன் கீழே பிள்ளையின் மெத்தை. கொசுவலை அந்த இடத்தில்தான் சுவரில் சாய்ந்திருந்தது.

மெயினை அணைத்து உடைத்தேன். பைப் உருகி வயரோடு ஒட்டியிருந்தது. டேப் கரிக்கட்டை.

அத்தான் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏசி மாட்ட வந்தவன் செஞ்ச வேலையா மாப்ள?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எனக்காகத்தான் அப்படிக் கேட்டாரோ என்னவோ.

"இல்ல அத்தான். நாந்தான்."

அவர் பிள்ளையின் மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடித்திருந்தால் தேவலை. அக்காதான் கேட்டாள்: "அன்னைக்கு மூணு வீட்டுக்குல்லா ஓடிக்கிட்டு இருந்த. மத்த ரெண்டு?"

அதே சுருளில் வெட்டிய வயர். அதே குறை, அதே முறுக்கு. இரண்டு நாளாக இதை நினைக்காமலே ஓட்டியிருக்கிறேன்.

மாலை 5.10. புது வயர் இழுத்தாயிற்று. 228 / 226. சரி.

இரண்டாவது வீடு, புளியங்குடி எலுமிச்சை மண்டி அண்ணாச்சி: போனில் சொன்னேன். நல்ல திட்டு. நான் முறுக்கிவிட்ட ரூம் லைனை அணைத்துவிட்டார். நாளை காலை அங்கே.

மூன்றாவது, ராயகிரி டீச்சர் வீடு: முறுக்கு மாடி ரூமில். அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை, ஏசி போட்டிருக்கிறோம் என்று போன மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார். நானும் நல்லது டீச்சர் என்றேன்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை.

5.25. எடுக்கவில்லை.

5.40. ஸ்விட்ச் ஆஃப். ராயகிரிக்குக் கிளம்புகிறேன்.